வாகை கேட்டவர்களுக்குக் கிடைத்த காஞ்சி

சுசான் காலின்ஸ் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் மூன்றாம் நாவல் ‘மாக்கிங்ஜே’. 2010 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்தது. அன்று தொடங்கிய வசை இன்னும் ஓய்ந்தபாடில்லை. முதல் இரண்டு நாவல்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்களே மூன்றாவதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். ஆசிரியருக்குச் சலித்துவிட்டது என்கிறார்கள். அவசரமாக முடித்துவிட்டார் என்கிறார்கள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ‘எங்களை ஏமாற்றிவிட்டார்’ என்ற வசைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏமாற்றினார் என்றால் எதையோ தருவதாக அவர் முன்பே வாக்களித்திருக்க வேண்டும் அல்லவா? அந்த வாக்கு எது, அதை அவர் எந்தப் பக்கத்தில் கொடுத்தார் என்று இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

நான் இந்த வரிசையின் தீவிர ரசிகன். மூன்று நாவல்களில் மூன்றாவதே சிறந்தது என்பதும், அதன் கடைசி ஐம்பது பக்கங்கள் இல்லையென்றால் மற்ற இரண்டும் விறுவிறுப்பான சாகசக் கதைகளாகவே எஞ்சியிருக்கும் என்பதும் என் துணிபு. அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறேன். முடிவைப் பற்றிய கட்டுரை என்பதால் முடிவைச் சொல்லாமல் எழுத இயலாது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு நாவலை முடித்துவிட்டு வரலாம்.

*

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வட அமெரிக்கா அழிந்தபின் அந்நிலத்தில் எழுந்த நாடு பனெம். செல்வத்தில் திளைக்கும் ஒரு தலைநகர். அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள். முன்னொரு காலத்தில் கலகம் செய்ததற்குத் தண்டனையாக ஒவ்வோர் ஆண்டும் மாவட்டத்துக்கு ஒரு சிறுவனும் ஒரு சிறுமியுமாக 24 பேர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வயது 12 முதல் 18 வரை. அடைக்கப்பட்ட களம் ஒன்றில் ஒருவர் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் நேரலை. பார்த்தே ஆக வேண்டும். 12ஆம் மாவட்டத்தில், சுரங்கத் தொழிலாளியான தந்தையை இழந்த காட்னிஸ் எவர்டீனுக்கு 16 வயது. அவளுடைய தங்கை ப்ரிமுக்கு 12. குலுக்கலில் ப்ரிம் பெயர் வருகிறது. காட்னிஸ் தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வருகிறாள். மூன்று நாவல்களும் இந்த ஒரு செயலிலிருந்து விரிபவை.

பனெம் என்ற பெயருக்கு லத்தீனில் ரொட்டி என்று பொருள். ரொட்டியும் கேளிக்கையும் கிடைத்தால் போதும் என்றிருந்த ரோமானியக் குடிகளை ஜுவனல் என்ற கவிஞன் எள்ளிய சொற்றொடரிலிருந்து எடுத்தது. ஏதென்ஸ் நகரம் கிரீட் தீவின் மினோட்டாருக்கு ஏழு இளைஞர்களையும் ஏழு இளம்பெண்களையும் கப்பமாக அனுப்பிய தீசியஸ் தொன்மமும், அடிமைப் போர்வீரன் ஸ்பார்ட்டகஸின் கலகமும் தனக்குப் பின்புலமாக இருந்தன என்று காலின்ஸ் பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஓரிரவு தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர்கள் போட்டியிடும் ரியாலிட்டி நிகழ்ச்சியும் மற்றொன்றில் இராக் போர்க் காட்சிகளும் கலந்து மங்கியதில்தான் கதை உருவானது என்றும் சொல்லியிருக்கிறார்.

இந்த மூலங்கள் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். தீசியஸ் மினோட்டாரைக் கொன்றுவிட்டுத் திரும்புகிறான். ஆனால் கறுப்புப் பாயை இறக்கி வெள்ளைப் பாயை ஏற்ற மறந்துவிடுகிறான். மகன் இறந்தான் என்று எண்ணிய தந்தை ஈஜியஸ் கடலில் வீழ்ந்து மடிகிறார். ஸ்பார்ட்டகஸின் படை தோற்றது. கி.மு. 71இல் ஏறத்தாழ 6000 அடிமைகள் ஆப்பியன் நெடுஞ்சாலை ஓரமாகச் சிலுவையில் அறையப்பட்டார்கள். இந்த இரண்டு கதைகளையும் அடித்தளமாகக் கொண்டு கட்டிய வீட்டுக்கு உச்சியில் வெற்றிக்கொடியை எதிர்பார்த்தது யார் குற்றம்?

*

எதிர்ப்பாளர்களின் முதல் குற்றச்சாட்டு: ப்ரிமின் சாவு. இதைத்தான் அவர்களால் மன்னிக்கவே முடிவதில்லை. எந்தத் தங்கையைக் காப்பாற்ற மூன்று நாவல்களும் நடந்தனவோ அந்தத் தங்கையே போரின் கடைசிக் கட்டத்தில் செத்துப்போகிறாள். அப்படியானால் இத்தனையும் எதற்கு என்று கேட்கிறார்கள்.

அந்தச் சாவு எப்படி நிகழ்கிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். கலகப்படை தலைநகருக்குள் நுழைந்துவிட்டது. அதிபர் ஸ்நோவின் மாளிகை முன்பு தலைநகரின் குழந்தைகள் மனிதக் கேடயமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். தலைநகரின் முத்திரை தாங்கிய வானூர்தி ஒன்று வெள்ளிப் பாராசூட்டுகளைப் பொழிகிறது. போட்டிக் களத்தில் உணவும் மருந்தும் சுமந்துவரும் அதே பாராசூட்டுகள். குழந்தைகள் ஆவலோடு கைநீட்டுகிறார்கள். சில வெடிக்கின்றன. காயம்பட்டவர்களைத் தூக்கக் கலகப்படையின் மருத்துவ உதவியாளர்கள் ஓடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, பதினான்கு வயதுகூட நிரம்பாத ப்ரிம். அப்போது மிச்சமிருந்த பாராசூட்டுகள் வெடிக்கின்றன.

முதல் வெடி குழந்தைகளுக்கு, இரண்டாவது வெடி காப்பாற்ற ஓடிவருபவர்களுக்கு. இந்தப் பொறியின் இலக்கணத்தை வாசகர் முன்பே பார்த்திருக்கிறார். காட்னிஸின் வேட்டைத் தோழன் கேல், பொறியாளர் பீட்டியுடன் சேர்ந்து வரைந்த திட்டம் அது. மிருகங்களுக்குக் கண்ணி வைத்த அறிவை மனிதர்களுக்குப் பொருத்துகிறான் கேல். இரக்கம் என்பது மனிதனை இழுக்கும் இரை. இதில் ஏதோ ஓர் எல்லை மீறப்படுகிறது என்று காட்னிஸ் சொல்கிறாள். எதிரி எந்த விதிகளின்படி நடக்கிறானோ அதே விதிகளின்படிதான் நாமும் நடக்கிறோம் என்பது அவன் பதில். அந்த இடத்தில் எத்தனை வாசகர்கள் நின்றார்கள்? பெரும்பாலானோர் கேலுடன் சேர்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். போர் என்றால் அப்படித்தான் என்று தங்களுக்குள் சொல்லியிருப்பார்கள். இரண்டாம் மாவட்டத்து மலைக்குள் இருக்கும் ராணுவத் தளத்தைச் சரிவு உண்டாக்கி மூடிவிடலாம் என்று அவன் சொன்னபோதும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அந்த மலைக்குள் வேலை செய்தவர்களும் கூலிகள். காட்னிஸின் தந்தையும் கேலின் தந்தையும் செத்ததும் நிலத்துக்கடியில்தான்.

இனி, ப்ரிம் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தலைநகரின் குழந்தைகள் செத்திருப்பார்கள். பெயர் தெரியாத மருத்துவ உதவியாளர்கள் செத்திருப்பார்கள். போர் முடிந்திருக்கும். ப்ரிம் வீடு திரும்பியிருப்பாள். நாம் மகிழ்ந்திருப்போம். அந்த மகிழ்ச்சிக்குப் பெயர் என்ன? மற்றவர்களின் தங்கைகள் செத்தாலும் நம்முடையவள் தப்பினாள் என்ற நிம்மதி அது. ஆண்டுதோறும் குலுக்கல் முடிந்ததும் மாவட்டங்களின் தாய்மார்கள் வெட்கத்தோடு விடும் பெருமூச்சும் அதுவேதான். அந்தப் பெருமூச்சில்தான் பனெம் 75 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. ப்ரிமைச் சாகடித்ததன் மூலம் காலின்ஸ் நம்மிடமிருந்து அந்தப் பெருமூச்சைப் பறித்துவிட்டார். கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தை நாவலின் குறையென்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

*

இரண்டாவது குற்றச்சாட்டு: காட்னிஸ் செயலற்றுப் போய்விட்டாள். மூன்றாம் நாவலில் பாதி நேரம் மருத்துவமனையில் கிடக்கிறாள், மயங்கி விழுகிறாள், அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள். போரின் முக்கியத் திருப்பங்கள் அவளுக்குத் தெரியாமலே நடக்கின்றன. வில்லேந்திய வீராங்கனை எங்கே என்று கேட்கிறார்கள்.

இவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. 13ஆம் மாவட்டத்தின் தலைவி காயினுக்கு வேண்டியிருந்தது வீராங்கனையல்ல, வீராங்கனையின் படம். காட்னிஸுக்கு உடை தைத்து, ஒப்பனை செய்து, பிரசாரப் படங்களில் நடிக்க வைக்கிறார்கள். தலைநகரும் இதைத்தான் செய்தது. அன்று கன்னத்தில் மினுமினுப்பைப் பூசினார்கள், இன்று கரியைப் பூசுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தன்மை ஒருமையில் சொல்லப்படும் நாவல் இது. கதைசொல்லிக்குப் போர் தெரியவில்லை என்றால் நமக்கும் தெரியாது. போரில் பயன்படுத்தப்படும் ஒரு பதின்பருவத்துப் பெண்ணுக்குப் போரின் வரைபடம் எப்போதாவது காட்டப்பட்டதுண்டா? குறையென்று சொல்லப்படும் இந்தக் குருட்டுத்தன்மையே நாவலின் உண்மை.

அவள் செயலற்றவளா என்பதற்கு விடை கடைசியில் வருகிறது. சிறைப்பட்ட ஸ்நோ ரோஜாத் தோட்டத்தில் அவளிடம் சொல்கிறான்: அந்தக் குண்டுகள் என்னுடையவையல்ல; சரணடைய இருந்தவன் நான்; பறந்து தப்ப ஒரு வானூர்தி கையிலிருந்தால் அதில் ஏறியிருக்க மாட்டேனா? பரம விரோதியின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அவள் எடைபோட்டுப் பார்க்கிறாள். வயது நிரம்பாத தங்கையைப் போர்முனைக்கு அனுப்ப மேலிடத்தின் அனுமதி இல்லாமல் முடியாது என்பதை உணர்கிறாள். பிறகு காயின் எஞ்சிய ஏழு வெற்றியாளர்களையும் கூட்டி ஒரு யோசனையை வைக்கிறாள்: பழிதீர்க்க ஒரேயொரு கடைசிப் போட்டி, இம்முறை தலைநகரின் குழந்தைகளை வைத்து. பீட்டாவும் ஆனியும் பீட்டியும் கூடாது என்கிறார்கள். ஜொஹானாவும் எனோபேரியாவும் வேண்டும் என்கிறார்கள். காட்னிஸ் ப்ரிமின் பெயரைச் சொல்லி ஆம் என்கிறாள். ஹேமிட்ச் அவள் பக்கம் நிற்கிறார். 4க்கு 3.

இந்த வாக்கைப் பற்றி எவ்வளவோ சண்டைகள் நடந்திருக்கின்றன. காயினின் நம்பிக்கையைப் பெறுவதற்காகப் பொய்யாக ஆம் என்றாளா, வலியில் உண்மையாகவே ஆம் என்றாளா? காலின்ஸ் விளக்கம் தரவில்லை. தராதது நல்லது. பொய்யென்று உறுதிசெய்திருந்தால் நம் நாயகி கறைபடாதவள் என்று நாம் ஆறுதல் அடைந்திருப்போம். உண்மையென்று உறுதிசெய்திருந்தால் அவளைக் கைகழுவிவிட்டு நாம் தப்பியிருப்போம். இரண்டு கதவுகளையும் அடைத்துவிட்டு ஆசிரியர் நம்மைப் பார்க்கிறார். அந்த மேசையைச் சுற்றியிருந்த எட்டாவது ஆள் வாசகர். முதல் இரண்டு நாவல்களின் போட்டிகளை மூச்சுவிடாமல் படித்தவர்கள், ஸ்நோவின் பேத்தி களத்தில் இறங்குவதைப் பார்க்க ஒரு கணமாவது ஆசைப்படவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

வாக்கெடுப்பு முடிந்த கையோடு, ஸ்நோவைக் கொல்ல அவள் கையில் வில்லைக் கொடுக்கிறார்கள். ஓர் அம்பு. அவள் அதை மாடத்தில் நிற்கும் காயின்மேல் விடுகிறாள். மூன்று நாவல்களிலும் அவளாகவே, யாரும் எழுதித் தராமல் செய்த செயல்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். தங்கைக்காக முன்வந்தது ஒன்று. இறந்துபோன சிறுமி ரூவின் உடலைப் பூக்களால் மூடியது ஒன்று. இந்த அம்பு ஒன்று. செயலற்றவள் என்கிறார்கள்.

*

மூன்றாவது குற்றச்சாட்டு காதல் பற்றியது. பீட்டாவா, கேலா என்று உலகெங்கும் இளைஞர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்று, அணியின் பெயர் அச்சிட்ட சட்டைகளை வாங்கி அணிந்தார்கள். கேல் இரண்டாம் மாவட்டத்தில் ஏதோ வேலைக்குப் போய்விட்டான், பீட்டா பக்கத்து வீட்டில் இருந்ததால் அவளுக்குக் கணவனானான், இது என்ன முடிவு என்று கேட்கிறார்கள்.

கேல் போட்டியில் தோற்கவில்லை. அந்தக் குண்டு தன்னுடையதா என்று அவனுக்கே தெரியவில்லை. அவனால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அவளால் இனி அதை நினைக்காமல் அவனைப் பார்க்க முடியாது. அங்கே முடிந்துவிடுகிறது. இதைக் காதல் முக்கோணமாகப் படித்தவர்கள் தலைநகரின் தொலைக்காட்சி நேயர்கள் படித்த விதத்தில் படித்திருக்கிறார்கள். களத்தில் காட்னிஸும் பீட்டாவும் உயிர் பிழைக்கக் காதலை நடித்துக் காட்டியபோது தலைநகர் கண்ணீர்விட்டு ரசித்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

பின்னுரையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 2007இல் முடிந்த ஹாரி பாட்டர் வரிசைக்கும் ஒரு பின்னுரை உண்டு. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ரயில் நிலையத்தில், பெற்றோராகிவிட்ட நண்பர்கள் பிள்ளைகளை வழியனுப்புகிறார்கள். தழும்பு வலிப்பதில்லை. ‘மாக்கிங்ஜே’யின் பின்னுரையிலும் இரண்டு குழந்தைகள் விளையாடுகிறார்கள். அவர்கள் விளையாடும் புல்வெளிக்கு அடியில் குண்டுவீச்சில் எரிந்துபோன 12ஆம் மாவட்டத்து மக்கள் புதைந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அது தெரியாது. குழந்தை பெற்றுக்கொள்ள அவள் சம்மதிக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயிற்று. கெட்ட கனவுகள் நிற்கவில்லை. தான் கண்ட நற்செயல்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதுதான் அவள் நாட்களைக் கடத்தும் வழி. காலின்ஸின் தந்தை அமெரிக்க விமானப்படை அதிகாரி. மகள் சிறுமியாக இருந்தபோது வியட்நாம் போருக்குச் சென்று திரும்பியவர். அந்த ஓராண்டைச் சிறுமியின் பார்வையில் ‘இயர் ஆஃப் த ஜங்கிள்’ என்ற படக்கதை நூலாக 2013இல் அவர் எழுதினார். போருக்குப் போனவர் திரும்பி வருவார், ஆனால் அப்படியே திரும்பி வரமாட்டார் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல.

இதே காலத்தில் வெளிவந்த இன்னொரு வரிசையை ஒப்பிடலாம். வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ வரிசையின் இறுதி நாவல் ‘அலீஜியன்ட்’, 2013இல் வந்தது. அதில் நாயகி ட்ரிஸ் தன்னைப் பலிகொடுத்து இறக்கிறாள். ரசிகர்கள் கொதித்தார்கள். அதைத் துணிச்சலான முடிவு என்று மெச்சியவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீரச்சாவு ஒரு நாவலாசிரியருக்கு மிக எளிய வழி. இறந்தவளுக்கு நடுகல் நாட்டிவிடலாம். வாசகர் விழுந்து வணங்கி அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிழைத்துக் கிடப்பவளுக்கு நடுகல் இல்லை. அவள் மறுநாள் காலையில் எழுந்து பல் துலக்க வேண்டும். ப்ரிம் வளர்த்த பூனை எங்கிருந்தோ நடந்து திரும்பி வருகிறது. அவள் இல்லை, வரமாட்டாள் என்று அந்தப் பூனையிடம் கத்தும்போதுதான் காட்னிஸுக்கு அழுகையே வருகிறது. மொத்த வரிசையிலும் இதைவிடக் கனமான பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. அதில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை.

*

தொல்காப்பியர் புறத்திணைகளை ஏழாக வகுத்தார். நேருக்கு நேர் பொருவது தும்பை. வெல்வது வாகை. வாகையை அடுத்து அவர் வைத்தது காஞ்சி. உலகின் நிலையாமையைச் சொல்லும் திணை அது. இறந்தோரை நினைந்து எஞ்சியோர் புலம்பும் கையறுநிலை அதன் துறைகளில் ஒன்று. போர்ப்பாட்டு மரபை இவ்வளவு கொண்டாடிய ஒரு மொழி, வெற்றிக்குப் பக்கத்திலேயே இந்தத் திணைக்கு ஓர் இருக்கை போட்டிருக்கிறது. பாரதத்திலும் போர் வாகையில் முடியவில்லை. போர் முடிந்த இரவில் உறங்கும் பிள்ளைகளை அசுவத்தாமன் கொல்கிறான். பிறகு பெண்கள் களத்துக்கு வந்து அழுகிறார்கள். வென்ற தருமனுக்கு அரியணை கசக்கிறது. இதையெல்லாம் படித்து வளர்ந்த நம் நண்பர்களும்கூட ‘மாக்கிங்ஜே’யின் முடிவு இருண்டது, இளையோர் நாவலுக்குப் பொருந்தாது என்று சொல்லும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. முதல் நாவலின் தும்பையைச் சுவைத்தவர்கள் மூன்றாவதில் வாகை கேட்டார்கள். காலின்ஸ் காஞ்சியைத் தந்தார். அதுதான் நடந்தது.

இன்னொன்று. மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்தும் அந்தச் சைகை இன்று உலகம் முழுவதும் எதிர்ப்பின் அடையாளம். முதல் நாவலில் அது முதன்முதலாக வரும்போது கலகத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது 12ஆம் மாவட்டத்தின் பழைய வழக்கம். அரிதாக, இறுதிச் சடங்குகளில் காணப்படுவது. நன்றி, மதிப்பு, நேசித்தவருக்கு விடை என்று பொருள். சாகப்போகும் பெண்ணுக்கு ஊர் செய்த இறுதி மரியாதை. அதாவது அதுவும் கையறுநிலைதான்.

2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் எதிர்ப்பாளர்கள் இந்தச் சைகையைக் கையில் எடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் பிரதமர் பிரயுத் முன்பு விரல்களை உயர்த்திய ஐந்து மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பாங்காக்கில் ஒரு திரையரங்கக் குழுமம் ‘மாக்கிங்ஜே’ படத்தின் முதல் பாகக் காட்சிகளையே ரத்துசெய்தது. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவப் புரட்சி நடந்தபின் அங்கே மருத்துவர்களும் செவிலியர்களும் அதே விரல்களை உயர்த்தினார்கள். மியான்மரின் தூதர் கியாவ் மோ துன் பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையிலேயே உயர்த்தினார். சாவின் நிழலில் நின்று அந்தச் சைகையைச் செய்தவர்கள் அதன் மூலப் பொருளுக்கு, நாயகி வென்றிருக்க வேண்டும் என்று சண்டையிட்டவர்களைவிட அருகில் இருந்தார்கள்.

*

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். ரசிகர்களின் ஏமாற்றத்தை வணிகம் எவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுத்திக்கொண்டது என்று பாருங்கள். 2013இல் இரண்டாம் படம் வந்தபோது கவர்கேர்ள் நிறுவனம் தலைநகரின் பெயரிலேயே ஒரு ஒப்பனைப் பொருள் வரிசையை விற்றது. குழந்தைகள் சாவதைப் பார்த்து மகிழும் நகரத்தின் பெயரில் உதட்டுச்சாயம். 2017இல் துபாயின் மோஷன்கேட் கேளிக்கைப் பூங்காவில் ஹங்கர் கேம்ஸுக்கென்று ஒரு பகுதி திறக்கப்பட்டது. அங்கே தலைநகரின் ரயில் என்ற பெயரில் ஒரு ரோலர் கோஸ்டர். நாவலில் அந்த ரயில் குழந்தைகளைச் சாவுக்கு ஏற்றிச் செல்கிறது. மூன்றாம் நாவலை 2014, 2015 என இரண்டு படங்களாக அறுத்தார்கள். காயினைக் கொன்றபின் காட்னிஸ் தனியறையில் அடைபட்டு, சாக விரும்பி, மனநிலை பிறழ்ந்தவள் என்று தீர்ப்பாகி ஊருக்கு அனுப்பப்படும் பக்கங்கள் அந்த இரண்டு படங்களில் எதிலும் உருப்படியாக இடம்பெறவில்லை. வெடிப்புகளுக்கு இடம் இருந்தது.

நாவலின் கடைசி அத்தியாயங்களின் சாரம் ஒன்றுதான்: களத்தை மூடுங்கள், இன்னொரு போட்டி வேண்டாம். சந்தை கேட்டது இன்னொரு போட்டி. 2020இல் பத்தாவது போட்டியை வைத்து ‘தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்’ வந்தது. 2025 மார்ச்சில் ஐம்பதாவது போட்டியை வைத்து ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’ வந்தது. இவற்றைக் காலின்ஸே எழுதினார் என்பதை நான் மறைக்கவில்லை. இரண்டும் மோசமான நாவல்களும் அல்ல. முன்னது ஒரு கொடுங்கோலன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு உருவாகும் விதத்தையும், பின்னது ஆட்சி தன் பொய்யை எப்படிப் படத்தொகுப்பு செய்கிறது என்பதையும் கூர்மையாகச் சொல்கின்றன. ‘மாக்கிங்ஜே’யில் போருக்குப் பின் ஹேமிட்ச் வாத்து வளர்க்கிறார் என்று போகிற போக்கில் ஒரு செய்தி வரும். பதினைந்து ஆண்டுகள் கழித்து 2025 நாவல் அந்தச் செய்திக்கு ஒரு துயரமான காரணத்தைத் தேடித் தந்தது. எனினும் காட்னிஸ் ஓர் அம்பால் மூடிய களத்தை அவளைப் படைத்தவரே இருமுறை திறக்க வேண்டியிருந்தது என்றால், திறக்கும்படி கேட்டவர்கள் யார் என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. மூன்றாம் நாவலில் போட்டியே இல்லை, அதனால் சுவாரசியமில்லை என்று எழுதியவர்கள் தங்கள் வாக்கியத்தை மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்கலாம். காயினின் மேசையில் அது ‘ஆம்’ என்று பதிவாகியிருக்கும்.

‘மாக்கிங்ஜே’ குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. போர் முடிந்தபின் பேலர் என்ற தளபதி தேர்தலில் அதிபராகிறார் என்பது ஒரு பத்தியில் கடந்துபோகிறது. பிம்ப அரசியலை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டிய நாவல், ஒரு குடியரசு எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் வாய்மூடிக்கொள்கிறது. ஃபின்னிக்கின் மரணத்துக்கு அவனுக்கு உரிய இடம் தரப்படவில்லை. இவை விவாதிக்கத் தக்க குறைகள். இவற்றை யாராவது விரிவாக எழுதினால் நானே முதலில் படிப்பேன். நம் நண்பர்கள் எழுதுவது இவற்றைப் பற்றி அல்ல. அவர்கள் எழுதுவது தங்களுக்குக் கிடைக்காமல் போன ஆரவாரத்தைப் பற்றி.

இளையோருக்கு நம்பிக்கை தரவேண்டாமா என்று கேட்பார்கள். தரவேண்டும்தான். பீட்டா வீட்டின் ஓரமாக ப்ரிம்ரோஸ் செடிகளை நடுகிறான். காட்னிஸும் அவனும் ஹேமிட்சும் சேர்ந்து, செத்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் நினைவிலிருக்கும் சிறு விவரங்களைக்கூட விடாமல் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள். பக்கங்களை உப்புநீரால் ஒட்டி மூடுகிறார்கள். போரில் யாரை இழந்தோம் என்று பெயர் பெயராக எழுதி வைப்பவர்கள் அடுத்த போருக்கு எளிதில் கைதூக்க மாட்டார்கள். பதினான்கு வயது வாசகருக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கையை எந்த வெற்றி ஊர்வலம் தந்துவிடப் போகிறது?

நாவலை மறுபடி படியுங்கள். இம்முறை இருபத்தைந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு வேகமாகப் புரட்டாமல், மெதுவாக.